சவரக்கத்தி பழகுகிறவருக்கு எந்தத் தோல் வார்?



நம்மவர்களின் கைத்தொழில் என்பது இன்றைய மன்றத்தின் தலைப்பு. பொற்கொல்லர் வந்து போனார், பூக்கட்டுகிறவர் வந்து போனார். இந்தப் பகுதியில் பேசப்போவது மூன்று அங்குல அகலமுள்ள ஒரு தோல் துண்டைப் பற்றி. மடக்கும் சவரக்கத்தியைத் தீட்டுவதற்கு முடிதிருத்துநர் சுவரில் மாட்டி வைத்திருப்பாரே, அந்த வார்தான். இதில் பேச என்ன இருக்கிறது என்று நேயர்கள் நினைக்கலாம். கத்தி பழக ஆசைப்பட்டு, ஒரு வாரத்தில் கைவிட்டுவிடுகிற இளைஞர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் போகும் பழைய சாலையில் மம்பாவ் இருக்கிறது. அந்தச் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ஒரு காலத்தில் ரப்பர். பிறகு பல இடங்களில் செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயங்கள் போனபோது லயத்தோடு ஒட்டியிருந்த சில வேலைகளும் போய்விட்டன. தோட்டத்து முடிதிருத்துநரின் வேலை அவற்றில் ஒன்று. சம்பளம் போட்டதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் ஒரு நாற்காலி, ஒரு கைக்கண்ணாடி, கிண்ணத்தில் தண்ணீர், ஆணியில் தொங்கும் தோல் வார். அதில் கத்தி போய்வரும் சத்தம் வயதானவர்களுக்கு இன்னும் காதில் இருக்கும். குழந்தைக்கு முதல் மொட்டை, மாப்பிள்ளைக்குச் சவரம், இழவு வீட்டுச் சடங்கு என்று எல்லாவற்றுக்கும் அந்தக் கை தேவைப்பட்டது.

அப்படி ஒருவரின் பேரன் மம்பாவில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது இருபது. தாத்தாவின் பெட்டியிலிருந்து ஒரு கத்தி கிடைக்கிறது, ஷெபீல்டு அல்லது சோலிங்கன் முத்திரையோடு. பக்கத்தில் காய்ந்து வெடித்துப்போன ஒரு தோல் வார். தாத்தா இல்லை. சொல்லிக்கொடுக்க ஆளில்லை. பையன் கைத்தொலைபேசியில் தேடுகிறார். நூறு வெள்ளிக்கு ஒன்று, எழுநூறு வெள்ளிக்கு ஒன்று, குதிரைத்தோல், கங்காரு தோல் என்று வரிசையாக வருகிறது. நல்ல கத்திக்கு நல்ல வார் வாங்குவோம் என்று சேமிப்பையெல்லாம் போட்டு விலை உயர்ந்ததை வாங்குகிறார். முதல் நாளே நடுவில் ஒரு வெட்டு விழுகிறது. இரண்டாம் நாள் இன்னொன்று. மூன்றாம் நாள் கத்தி பெட்டிக்குத் திரும்பிவிடுகிறது.

முதல் வார் வெட்டுப்படத்தான் போகிறது. அதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். பழகுகிறவருக்கான வாரைப் பற்றிய பேச்சில் பாதி இதிலேயே முடிந்துவிடுகிறது. மீதிப் பாதிதான் தோல், அகலம், துணி, பசை எல்லாம்.

கல் வேறு, தோல் வேறு

தோட்டத்துக் குடும்பத்துக்குக் கத்தி தீட்டுவது புதிதன்று. மரம் சீவும் கத்தி மழுங்கினால் பட்டையைச் சீவாமல் பிய்க்கும், ஆழமாகப் பாய்ந்தால் மரத்துக்கே காயம். ஆகவே விடியற்காலைப் பிரட்டுக்குப் போகுமுன் அது கூராக இருந்தாக வேண்டும். மரம் சீவும் கத்திக்கும் கல், பாராங் கத்திக்கும் கல். தேய்த்தால் கூர் வரும், இன்னும் அழுத்தித் தேய்த்தால் இன்னும் கூர் வரும். கையில் ஊறிப்போன இந்தப் பாடம்தான் சவரக்கத்தியில் காலை வாரிவிடுகிறது.

கல் இரும்பைத் தேய்த்து எடுக்கிறது. வெறும் தோல் அப்படி எடுப்பதில்லை. சவரக்கத்தியின் வாய் மிக மெல்லியது, ஒரு மைக்ரானுக்கும் குறைவு. மனித முடியின் தடிமன் 50 முதல் 100 மைக்ரான் வரை. அவ்வளவு மெல்லிய விளிம்பு ஒரு சவரத்திலேயே அங்குமிங்கும் சாய்ந்துவிடும், நுண்ணிய அழுக்கும் துருவும் அதில் ஒட்டும். சாய்ந்ததை நிமிர்த்துவதும் ஒட்டியதைத் துடைப்பதும் தோலின் வேலை. மழுங்கிய கத்தியைக் கூராக்குவது அதன் வேலையே அன்று.

மென்மையான முடி கடினமான எஃகை எப்படிக் கெடுக்கும் என்று கேட்கலாம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ ஆய்விதழில் இதைப் பற்றி எழுதினார்கள். முடி எஃகைவிடச் சுமார் 50 மடங்கு மென்மையானது. ஆனாலும் முடி வளைந்து, சாய்வாக வந்து, விளிம்பில் எஃகின் அமைப்பு சீராக இல்லாத இடத்தைத் தாக்கினால் அங்கே சில்லு பெயர்கிறது என்று அவர்கள் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னார்கள். சில்லு பெயர்ந்த வாயை எந்தத் தோலும் சரிசெய்யாது. அது கல்லுக்குப் போக வேண்டும். 1,000 எண் கல்லில் தொடங்கி 5,000, 8,000, 12,000 என்று ஏறிப்போகும் நீண்ட வேலை அது.

பேரனின் கதையில் இன்னொரு சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பெட்டியில் கிடந்த கத்தி துருப்பிடித்து மழுங்கியிருக்கும். புதிதாக வாங்கும் மலிவுக் கத்திகளும் பல நேரங்களில் சவரத்துக்குத் தயாராக இருப்பதில்லை. அதைத் தோலில் ஐந்நூறு முறை இழுத்தாலும் முகத்தில் வைத்தால் பிடுங்கும். வார் சரியில்லை என்று பழி விழும். ஆகவே முதல் காசு, கத்தியைத் தெரிந்தவரிடம் கொடுத்துக் கல்லில் தீட்டி வாங்குவதற்குப் போகட்டும். வார் அதற்குப் பிறகு.

இரண்டாவது வேறுபாடு திசையில் இருக்கிறது. சவரக்கத்தியைக் கல்லில் வைத்துத் தீட்டும்போது வாய் முன்னே போகும். தோலிலோ முதுகு முன்னே போக வேண்டும், வாய் பின்னால் இழுபட்டு வர வேண்டும். மறந்து வாயை முன்னே தள்ளினால் கத்தி தோலைச் சீவிவிடும், ரப்பர் பட்டையைச் சீவுகிற மாதிரி.

எந்தத் தோல்?

பழகுகிறவருக்கு மாட்டுத்தோல் போதும். வழவழப்பாக, சுருக்கமில்லாமல், தையல் ஓடாத ஒரே துண்டாக இருக்க வேண்டும். மாட்டுத்தோல் வேண்டாம் என்கிற வீட்டில் எருமைத்தோலும் குதிரைத்தோலும் உண்டு. குதிரைத்தோல் வழுக்கிக்கொண்டு போகும், தேர்ந்த கைக்கு அது சுகம். மாட்டுத்தோல் கத்தியை லேசாகப் பிடித்துப் பிடித்து விடும். அந்தப் பிடிப்பு புதியவருக்கு நல்லது. கத்தி எங்கே போகிறது என்பதைக் கை உணர்ந்துகொண்டே இருக்கும், வேகமும் தானாகக் குறையும்.

தோலை எப்படிப் பதப்படுத்தினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இந்த இடத்தில் தமிழ்நாட்டைச் சொல்லாமல் போக முடியாது. திண்டுக்கல், திருச்சி, வட ஆற்காடு வட்டாரங்களில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டார்கள். அது ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரில் உலகச் சந்தையில் விற்றது. 2008ஆம் ஆண்டு இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாளடைவில் ஆவாரம் பட்டையின் இடத்தை வேறு பட்டைகள் பிடித்துக்கொண்டாலும் முறை அதே முறைதான். இப்படிப் பட்டைச் சாற்றில் பதமான தோல் விறைப்பாக நிற்கும், எளிதில் நீளாது. குரோமிய உப்பில் பதமான தோல் மெத்தென்று இருக்கும், இழுத்தால் நீளும். கைப்பைக்கு அது நல்லது, கத்திக்கு ஆகாது. கடையில் கேட்டால் எல்லாம் அசல் தோல் என்றுதான் சொல்வார்கள். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். உள்ளே பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் பட்டைத் தோல். நீலமும் சாம்பலும் கலந்த கோடு தெரிந்தால் குரோமியம்.

நீளக்கூடாது என்று இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. தொங்கும் வாரை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு மறு கையால் கத்தியை ஓட்டுகிறோம். தோல் தொய்ந்தால் வாய்க்குக் கீழே பள்ளம் விழும், விளிம்பைச் சுற்றித் தோல் மேலேறும். கூர் உருண்டுபோகும். ஐம்பது முறை இழுத்த பிறகு கத்தி முன்பைவிட மோசமாவது இப்படித்தான்.

அகலம் மூன்று அங்குலமாக இருக்கட்டும். கத்தியின் அலகும் ஏறக்குறைய அதே நீளம். முழு வாயும் ஒரே நேரத்தில் தோலில் படியும், நேராக இழுத்தால் போதும். இரண்டு அங்குல வார் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதில் கத்தியைக் குறுக்காக நகர்த்திக்கொண்டே இழுக்க வேண்டும். பழைய ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். பழகுகிறவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு வேலை எதற்கு?

தோலுக்குப் பின்னால் ஒரு துணிப் பட்டையும் சேர்ந்து வந்தால் நல்லது. அது கித்தான். கித்தான் என்றதும் தோட்டத்துக்காரர்கள் கித்தா மரத்தை நினைத்துவிடக் கூடாது, இது முரட்டுத் துணி. முதலில் இதில் இருபது முறை, பிறகு தோலில் நாற்பது முதல் அறுபது முறை என்பது பொதுவான கணக்கு. போய்த் திரும்பி வந்தால் ஒரு முறை. துணி அழுக்கை எடுக்கும், தோல் வாயை நிமிர்த்தும். துணியில்லாத வார் என்றாலும் குறையில்லை. தோலில் சில முறை கூடுதலாக இழுத்தால் ஆயிற்று.

மரப்பலகையில் ஒட்டிய தோல் ஒன்றும் கடைகளில் இருக்கிறது. தொய்வு என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை. கை நடுங்குகிறவர்களுக்கும் மாட்ட இடமில்லாத அடுக்குமாடி வீட்டுக்காரர்களுக்கும் அது வசதி. சொல்லப்போனால் இதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அகலமான பழைய இடைவார், தையலும் பூவேலையும் இல்லாத அசல் தோலாக இருந்தால் போதும். சமமாக இழைத்த ரப்பர் மரப் பலகையில் அதை ஒட்டிவிட வேண்டும். சுவரில் தொங்குவதன் அழகு அதில் இல்லைதான். ஆனால் கத்தி அழகைப் பார்ப்பதில்லை.

பசையைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். பச்சை நிறத்தில் விற்கும் குரோமிய ஆக்சைடு பசையில் சுமார் அரை மைக்ரான் அளவுள்ள துகள்கள் உள்ளன. அது தோலைக் கல்லாக மாற்றிவிடுகிறது. தினமும் அதில் இழுத்தால் வாய் தேய்ந்துகொண்டே போகும். ஒருமுறை பூசினால் தோலிலிருந்து முழுவதும் எடுக்கவும் முடியாது. வாங்கும்போதே பசை பூசி வரும் வாரைப் புதியவர் ஒதுக்கிவிடலாம்.

திருப்பும் இடம்

வாரில் வெட்டு விழுவது பெரும்பாலும் ஓட்டத்தின் முடிவில், கத்தியைத் திருப்பும் இடத்தில். ஓட்டம் நிற்குமுன் கை அவசரப்பட்டுத் திரும்பும். அல்லது முதுகின் மேல் புரட்ட வேண்டிய கத்தியை வாயின் மேல் புரட்டிவிடும். கத்தி நிற்க வேண்டும், முதுகு தோலை விட்டு எழும்பாமல் உருள வேண்டும், பிறகே திரும்பி வர வேண்டும். புரட்டுவது விரல்களின் வேலை, மணிக்கட்டு அசையக்கூடாது. அழுத்தமும் வேண்டியதில்லை, கத்தியின் எடையே போதும்.

இதைப் பழகக் கூரான கத்தி தேவையில்லை. ரொட்டியில் பிளாந்தா தடவும் மேசைக்கத்தி போதும். ஒரு வாரம், தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே, அதை வாரில் ஓட்டிப் புரட்டிப் பழகலாம். பக்கத்தில் உள்ளவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். படங்களில் வருவதுபோல் சடசடவென்று இழுப்பது பத்து வருடம் தொழில் செய்தவரின் வேகம். வேகத்தால் கூர் வருவதில்லை.

நம் நாட்டுக் காற்றின் ஈரம் தோலுக்கும் எஃகுக்கும் பகை. குளியலறையில் தொங்கவிட்ட வாரில் பூசணம் பூக்கும், மடக்கி வைத்த கத்தியில் துரு ஏறும். வார் காற்றோட்டமான அறையில் தொங்கட்டும். இழுப்பதற்கு முன் உள்ளங்கையால் இரண்டு முறை தடவிவிட்டால் தூசு போகும், கையின் இயல்பான பிசுக்கே தோலுக்குப் போதுமான எண்ணெய். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயை வாரில் ஊற்றுகிறவர்கள் உண்டு. தோல் ஊறி மெத்தென்றாகி, தூசியையும் இழுத்து வைத்துக்கொள்ளும். கத்தியைச் சவரம் முடிந்ததும் நன்றாகத் துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு தடவி வைப்பது நல்லது. தாத்தாவின் வெடித்த வாரை எண்ணெய் போட்டுப் பிழைக்க வைக்கலாமா என்று பேரன் கேட்பார். வெடிப்பு விழுந்த தோல் திரும்பாது. அதை நினைவாக வைத்துக்கொள்ளட்டும்.

சொந்த முகத்துக்கு மட்டும்

கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. தோல் வாரைக் கொதிக்க வைக்க முடியாது, மருந்தில் ஊறவைக்கவும் முடியாது. ஒருவர் முகத்தில் பட்ட கத்தி அதில் ஏறி, அடுத்தவர் முகத்துக்குப் போனால் இரத்தத்தில் பரவும் நோய்களுக்கு அது வழி. ஹெப்பாடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. எய்ட்ஸ் அச்சம் பரவிய பிறகு கடைகளில் ஆளுக்கொரு புது பிளேடு வந்தது சரியான மாற்றம். அதைக் குறை சொல்வதற்கில்லை. தைப்பூசத்தில் பத்துமலையில் மொட்டை போடுகிறவர்களும் புது பிளேடையே கேட்டு வாங்க வேண்டும். ஆகவே தோல் வாரும் மடக்குக் கத்தியும் இன்று ஒருவரின் சொந்த முகத்துக்கானவை.

அப்படியானால் தொழிலுக்கு வருகிற இளைஞர் இதை ஏன் பழக வேண்டும்? சம்பாதிப்பதற்கு இது கட்டாயமில்லை, உண்மைதான். ஆனால் பிளேடு மாட்டும் கத்தியைப் பிடிக்கும் பிடியும், தோலை இழுத்துப் பிடிக்கும் விரலும், சாய்க்கும் கோணமும் இந்தக் கத்தியிலிருந்து வந்தவை. தன் கன்னத்தில் பழகியவர் பிறர் கன்னத்தில் கை வைக்கும்போது அவசரப்பட மாட்டார். கூர் போனால் என்ன செய்யும் என்பதைத் தன் தோலில் அறிந்தவருக்குப் பிளேடை எப்போது மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கில்லெட் நிறுவனம் 1903ஆம் ஆண்டு விற்பனையைத் தொடங்கியபோது அந்த ஆண்டு முழுவதும் விற்றது 51 சவரக்கருவிகள், 168 பிளேடுகள். அதன் பிறகு முதல் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரர்களின் கையில் கில்லெட் சவரக்கருவி போனது. அங்கிருந்து வீடுவீடாகப் பரவியது. தீட்டத் தெரிந்த கை ஒரு தலைமுறையிலேயே குறைந்துபோனது. தோட்டங்களில் அது மேலும் சில பத்தாண்டுகள் நீடித்தது. அங்கே தந்தையிடமிருந்து மகனுக்குப் போன தொழில் அது.

மகனுக்குப் போகாமல் நின்றதற்குப் பிளேடு மட்டும் காரணமன்று. இந்தத் தொழில் செய்தவரின் சாதிப் பெயரை நம்மவர்களே வசைச்சொல்லாக ஆக்கி வைத்திருந்தார்கள். வைத்தியமும் பிரசவமும் பார்த்த சமூகம் அது. தமிழ்நாட்டில் அவர்களுக்கு மருத்துவர் என்றே பெயர். பள்ளியில் அந்த வசையைக் கேட்ட பையன் அப்பாவின் கத்தியைத் தொடுவானா? ஊரிலிருந்து ஆள் வரவழைத்துக் கடைகள் ஓடின. 2009ஆம் ஆண்டு முடிதிருத்தும் நிலையங்களுக்கு அந்நியத் தொழிலாளர்களை எடுப்பது நிறுத்தப்பட்டது. ஜவுளிக் கடைகளுக்கும் பொற்கொல்லர் தொழிலுக்கும் அதே நிலை. இந்த மூன்று துறைகளுக்கும் சேர்த்து 7,500 பேரை அனுமதிப்பதாக 2023ஆம் ஆண்டு அறிவிப்பு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஆள் இல்லாமல் நாற்காலிகள் காலியாகக் கிடந்ததைக் கடைக்காரர்கள் மேடைதோறும் சொன்னார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று கேட்டவர்கள், அந்தப் பிள்ளைகளை யார் விரட்டியது என்று கேட்கவில்லை.

ஆகவே மம்பாவ் பேரன் தாத்தாவின் கத்தியைத் தானாக எடுத்துப் பார்ப்பது சின்ன விஷயமன்று. அவர் மூன்றாம் நாள் அதைத் திரும்ப வைத்துவிடக் கூடாது. சிரம்பானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், ‘ஐயா, திருப்புவதை ஒருமுறை காட்டுங்கள்’ என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் காட்டுவார்கள். பத்து நிமிட வேலை. அவர் கையைப் பார்த்தால் போதும், ஆயிரம் படம் பார்த்ததற்குச் சமம்.

ஆறு மாதம் கழித்து வாரில் புது வெட்டு விழுவது நின்றிருக்கும். விலை உயர்ந்த இரண்டாவது வாரை வாங்க அதுதான் நேரம். பழைய வாரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மேலோட்டமான வெட்டு என்றால் கிளம்பி நிற்கும் விளிம்பை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கலாம். தோல் மடல்போல் எழும்பியிருந்தால் ஒரு சொட்டுப் பசை வைத்து அழுத்தி, காய்ந்த பிறகு தேய்த்துவிடலாம். கத்தி அதன் மேல் தடங்கலின்றிப் போகும். அடுத்துப் பழக வருகிறவரிடம் அந்த வாரையே கொடுக்கலாம். ஏற்கெனவே வெட்டுப்பட்ட வாரில் கை பயப்படாது.